கேட்போரும் படிப்போரும்: கேரள நூலக இயக்கத்தில் கூட்டு வாசிப்பு

1. முன்னுரை

படித்தல் என்பது தனியொருவர் வாய்மூடிக் கண்ணால் செய்யும் செயல் என்னும் எண்ணம் இன்று வேரூன்றிவிட்டது. எனினும் இந்திய மொழிகளின் வரலாற்றில் படித்தல் பெரிதும் ஒருவர் குரலெடுத்துச் சொல்லப் பலர் கூடிக் கேட்கும் நிகழ்ச்சியாகவே இருந்து வந்துள்ளது. இருபதாம் நூற்றாண்டில் இவ்வழக்கத்தை முதியோர்க்குரிய பொது அமைப்பாக வளர்த்தெடுத்த பெருமை கேரள நூலக இயக்கத்திற்கு உண்டு. அங்குக் கூட்டு வாசிப்பு எழுத்தறியாமைக்கு மாற்றாக மட்டுமே நின்றதா, அன்றித் தனக்கெனத் தனிப் பயன் உடையதாக விளங்கியதா என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும்.

2. சொல்லும் வழக்கும்

மலையாளத்தில் நூலகத்தைக் குறிக்க இரு சொற்கள் வழங்குகின்றன. 'கிரந்தசாலை' என்பது நூல்கள் இருக்கும் இடத்தைச் சுட்டுகிறது. 'வாயனசாலை' என்பது அங்கு நிகழும் செயலைச் சுட்டுகிறது. இலங்கைத் தமிழில் வழங்கும் 'வாசிகசாலை' என்னும் சொல்லும் இவ்வகையினதே. மலையாள 'வாயிக்குக', தமிழ் 'வாசி' ஆகிய இரு வினைகளும் நூலைப் படித்தலோடு இசைக்கருவியை இயக்கலையும் குறிக்கின்றன. எழுதப்பட்டதை ஒலியாக்குவது என்னும் பொருட்கூறு இச்சொல்லினுள் இன்றும் நிற்கிறது எனலாம்.

வழக்கமும் இதற்குத் துணை நிற்கிறது. கர்க்கடக மாதத்தில் எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணம் கிளிப்பாட்டை வீடுகளில் ஒருவர் ஓத மற்றவர் கேட்பது கேரளத்தில் நெடுங்கால மரபு. எனவே நூலகத்தில் ஒருவர் நாளிதழைப் படிக்கப் பிறர் சூழ்ந்திருந்து கேட்டது முற்றிலும் புதியதன்று. பழைய கேட்பு மரபில் பாடம் மாறியது, கூடுவோரும் மாறினர். சமய நூலின் இடத்தில் செய்தியும் புதினமும் வந்தன. இல்லத்தாரின் இடத்தில் ஊரார் வந்தனர்.

3. சங்கத்தின் தோற்றம்

திருவனந்தபுரத்தில் 1829ஆம் ஆண்டிலேயே பொது நூலகம் தோன்றியது. ஆயினும் அது தலைநகரத்துக் கற்றோர்க்குப் பயன்பட்ட நிறுவனம். சிற்றூர் மக்களை நோக்கிய முயற்சிக்கு எடுத்துக்காட்டாக, 1926இல் நீலம்பேரூரில் பி. என். பணிக்கர் (1909-1995) தொடங்கிய சனாதன தர்மம் நூலகத்தைக் குறிப்பிடலாம். சிதறிக் கிடந்த இத்தகைய ஊர் நூலகங்களை ஒருங்கிணைக்கும் நோக்குடன் 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 14ஆம் நாள் அம்பலப்புழையில் ஒரு மாநாடு கூடியது. 47 நூலகங்களைக் கொண்டு திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கம் உருப்பெற்றது. திவான் சி. பி. இராமசாமி ஐயர் அதனைத் தொடங்கிவைத்தார்.

மறு ஆண்டே, அதாவது 1946 அக்டோபரில், அதே அம்பலப்புழை வட்டத்திலும் அண்டையிலுள்ள சேர்த்தலை வட்டத்திலும் திவானின் ஆட்சிக்கு எதிரான புன்னப்ரா-வயலார் எழுச்சி வெடித்தது என்பது எண்ணத்தக்கது. அரசின் ஆதரவு ஒருபுறமும் ஊராரின் விருப்பம் மறுபுறமும் இழுக்க இயங்குவது இவ்வியக்கத்தின் பிறவிக்குணமாயிற்று. 1956இல் மொழிவழி மாநிலம் அமைந்தபின் சங்கத்தின் பணி கேரளம் முழுமைக்கும் விரிந்தது.

இங்கு ஓர் ஒப்பீடு பயனுடையது. இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது சென்னை மாகாணம் (1948). எஸ். ஆர். அரங்கநாதனின் சிந்தனையில் உருவான அச்சட்டம், அன்று அம்மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாருக்கும் உரியதாயிற்று. சட்டத்தின் வழி நூலக ஆணைக்குழுவும் வரிவருவாயும் கிளை நூலகங்களும் அமைந்தன. திருவிதாங்கூரிலோ சட்டத்திற்கு முன்பே சங்கம் வந்துவிட்டது. ஊரார் கூடி நூலகம் அமைப்பர். உறுப்பினரே நிருவாகக் குழுவைத் தெரிவு செய்வர். நூலகம் சங்கத்தில் இணைந்து மானியம் பெறும். நூலகத்தைப் பயன்படுத்துவோரே அதனை நடத்துவோராகவும் இருந்தமையால், என்ன படிப்பது, எதைப் பற்றி உரையாடுவது என்பனவும் அவர்கள் முடிவாகவே அமைந்தன.

4. கேட்போர் யார்?

1951ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, இன்றைய கேரளப் பகுதியின் எழுத்தறிவு 47.18 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்டோர் எழுத்தறியாதவராயிருந்த நாட்டில், நூல் இரவல் வழங்குவதோடு நூலகம் நின்றுவிட இயலாது. உரக்கப் படித்தல், கலந்துரையாடல், முதியோர் வகுப்பு ஆகியன நூலகப் பணியின் பகுதிகளாயின. எழுத்தறியாதவர் முதலில் கேட்போராக நூலகத்துள் நுழைந்தனர்.

கூட்டு வாசிப்பின் மிகத் தெளிவான வடிவம் நூலகத்திற்கு வெளியே, வடகேரளத்தின் பீடிக் கொட்டகைகளில் காணப்படுகிறது. பீடி சுற்றுவோர்க்குக் கையும் கண்ணும் வேலையில் இருக்கும், செவி ஓய்ந்திருக்கும். தொழிலாளருள் ஒருவர் நாளிதழை உரக்கப் படிப்பார். அந்நேரத்தில் அவருக்கு ஏற்படும் கூலியிழப்பை மற்றவர்கள் அவர் பங்குப் பீடியையும் சுற்றிக் கொடுத்து ஈடுசெய்வர். நாளிதழுக்குப் பின் புதினமும் அரசியல் நூலும் படிக்கப்படும். இடையிடையே விவாதம் எழும். 1969இல் கண்ணூரில் தோன்றிய தினேஷ் பீடிக் கூட்டுறவு நிறுவனத்திலும் இவ்வழக்கம் தொடர்ந்தது.

இச்சான்று ஆய்வுப் பொருளுக்கு இன்றியமையாதது. கேட்டவர்களுள் எழுத்தறிந்தோரும் இருந்தனர். அவர்கள் வாசிப்பைக் கேட்டதற்குக் காரணம் படிக்கத் தெரியாமை அன்று. ஒரே செய்தியை ஒரே நேரத்தில் பலர் கேட்டதனால் அது உடனே பொதுப் பேச்சாயிற்று. ஒருவர் ஐயத்தை மற்றவர் தீர்த்தார். ஒருவர் கருத்தை மற்றவர் மறுத்தார். வாசிப்புக்கென உழைப்பைப் பகிர்ந்து கொண்டமை, அதற்கு அவர்கள் அளித்த மதிப்பின் அளவுகோல்.

5. நூலும் மொழிபெயர்ப்பும்

சங்கம் தோன்றிய 1945ஆம் ஆண்டிலேயே கோட்டயத்தில் எழுத்தாளர்களின் சாகித்திய பிரவர்த்தக கூட்டுறவுச் சங்கமும் தோன்றியது. ஒருபுறம் எழுதுவோரும் மறுபுறம் படிப்போரும் அமைப்பாகத் திரண்டது மலையாள நூல் வெளியீட்டிற்கு ஊக்கம் தந்தது.

மொழிபெயர்ப்பு நூல்களுள் நாலப்பாட்டு நாராயண மேனனின் 'பாவங்கள்' (1925) சிறப்பாகச் சுட்டத்தக்கது. விக்டர் யூகோவின் 'லே மிசெராப்ள்' புதினத்தை ஆங்கில வழி பெயர்த்த இந்நூல், மூலத்தின் தொடரமைப்பைப் பெரிதும் தழுவியது; அக்கால மலையாளத்திற்குப் புதிதான தொடர்களைக் கையாண்டது. மலையாள உரைநடையின் போக்கிலும் முற்போக்கு இயக்கத்தாரின் சிந்தனையிலும் அதன் செல்வாக்கை இலக்கிய வரலாற்றார் ஏற்றுக் கொள்கின்றனர். இத்தகைய நெடுந்தொடர் கண்ணுக்குத் தடையாகாமல் இருக்கலாம். உரக்கப் படிப்பவரோ எங்கே நிறுத்துவது, எதனை அழுத்துவது என்பதை முடிவு செய்தாக வேண்டும். அவ்வகையில் கூட்டத்திற்குப் படிப்பவர் மொழிபெயர்ப்பாளர்க்கு அடுத்த நிலையில் நிற்கும் இரண்டாம் உரைகாரர் ஆகிறார்.

6. அரசும் சங்கமும்

1970இல் சங்கத்தின் வெள்ளிவிழாவையொட்டிப் பாறசாலையிலிருந்து காசர்கோடு வரை நடைப்பயணம் நிகழ்ந்தது. 'வாயிச்சு வளருக' (படித்து வளர்க) என்பது அதன் முழக்கம். 1975இல் யுனெஸ்கோவின் குருப்ஸ்கயா விருது சங்கத்திற்குக் கிடைத்தது. ஆனால் 1977இல் அரசே சங்கத்தின் நிருவாகத்தை ஏற்றது. முப்பதாண்டுகளுக்கு மேல் மக்கள் அமைப்பாக வளர்ந்த ஒன்று இவ்வாறு அரசின் பொறுப்புக்கு மாறியது. 1989ஆம் ஆண்டின் கேரளப் பொது நூலகச் சட்டம் வட்டம், மாவட்டம், மாநிலம் என மூன்று நிலைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட நூலக மன்றங்களுக்கு வழிவகுத்தது. அரசின் பொருளுதவியையும் நூலகங்களின் தன்னாட்சியையும் இணைக்கும் முயற்சியாக இதனைக் கருதலாம்.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அவ்வறிவிப்பைச் செய்தவர் முதுமையில் எழுத்தறிந்த சேலக்கோடன் ஆயிஷா. கேட்போராக இருந்த ஒரு தலைமுறை படிப்போராக மாறியதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

7. முடிவுரை

கூட்டு வாசிப்பு எழுத்தறியாமைக்கு மாற்றாக மட்டும் இருந்திருப்பின் எழுத்தறிவு பரவியதும் அதன் தேவை முற்றிலும் நீங்கியிருக்க வேண்டும். பீடிக் கொட்டகைச் சான்று அவ்வாறன்று என்பதைக் காட்டுகிறது. எழுத்தறிவு ஒருவரைப் பிறர் துணையின்றிப் படிக்கச் செய்கிறது. படித்ததைப் பிறரோடு வைத்து ஆராயும் வாய்ப்பை அது தானாகத் தருவதில்லை. அவ்வாய்ப்பை அளித்தவை ஊர் நூலகமும் தொழிற்கூடமுமே. வாசகர் என்னும் சொல்லால் தனித்துப் படிப்பவரை மட்டும் கருதும் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும், கேட்போரையும் அச்சொல்லின் எல்லைக்குள் கொள்ளுதல் வேண்டும் என்பது இவ்வரலாறு தரும் தெளிவாகும்.