நூறு பேருக்கு எத்தனை போன்? ஒரு கணக்கோட கதை

இன்னைக்கு எபிசோடு ஒரே ஒரு கணக்கைப் பத்தினது. டிராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2024 மார்ச்சுக்குக் கொடுத்த அறிக்கைப்படி நம்ம நாட்டு நகரங்கள்ல நூறு பேருக்கு 133 போன் இணைப்பு இருக்கு. கிராமங்கள்ல நூறு பேருக்கு 59. இதுக்குப் பேர் டெலிடென்சிட்டி. தமிழ்ல தொலைபேசி அடர்த்தின்னு சொல்லலாம்.

நூறு பேருக்கு 133 எப்படிங்கன்னு கேட்டா, ரெண்டு சிம் வெச்சிருக்கறாங்கன்னு யாரும் சொல்லிருவாங்க. சரி, அந்த நூறு பேர்ல போனே இல்லாதவங்க எத்தனை பேர்? அது இந்த எண்ணுக்குள்ள கிடையாது. அதோட, வகுக்கற மக்கள்தொகையும் 2011 சென்சஸை வெச்சுக் கணிச்சது. இவ்வளவு ஓட்டை இருக்கற ஒரு அளவுகோல் எப்படி இத்தனை வருஷம் நின்னுச்சு, அது யாரை எண்ணுச்சு, யாரை விட்டுச்சு, அதுதான் நம்ம விஷயம்.

எண்ணறதுக்கு சுலபமா இருந்ததை முதல்ல எண்ணினாங்க, அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்ச்ல எத்தனை லைன் ஓடுதுன்னு டிபார்ட்மெண்ட்டுக்குத் தெரியும். அதை மக்கள்தொகையால வகுத்தா வேலை முடிஞ்சது. 1963ல ஆகஸ்ட் யிப் அப்படிங்கறவர், சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தோட இதழ்ல, நாடுகளோட வருமானத்தையும் போன் அடர்த்தியையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தார். பணக்கார நாட்டுல போன் அதிகம், ஏழை நாட்டுல கம்மி, ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே கோட்டுல போகுது. இதுல எது காரணம், எது விளைவுன்னு அந்தக் கோடு சொல்லாது. ஆனா நிறைய அரசாங்கங்கள் அதைப் படிச்ச விதம் ஒண்ணுதான்: முதல்ல நாடு பணக்கார நாடாகட்டும், போன் பின்னாடி வரும்.

இந்தியாவும் அப்படித்தான் நடந்துக்குச்சு. சுதந்திரம் வந்தப்போ நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் குறைவான போன். 1980கள் தொடங்கறப்போ சுமார் 70 கோடி ஜனங்களுக்கு 25 லட்சம் போன், 12,000 பொது போன். வீட்டுக்கு லைன் வேணும்னா எழுதிக் கொடுத்துட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். கூடுதல் டெபாசிட் கட்டினா சீக்கிரம் கிடைக்கற ஓ.ஒய்.டி. திட்டமும் இருந்துச்சு. காத்திருப்போர் பட்டியலைத்தான் 'தேவை'ன்னு கணக்குல காட்டுவாங்க. எப்படியும் வராதுன்னு எழுதியே கொடுக்காதவங்களுக்கு அந்தக் கணக்குப்படி தேவையே இல்லை.

இதுல முதல் திருப்பம் ஆப்பிரிக்காவுல நடந்த ஒரு மாநாட்டுல இருந்து வருது. 1982ல நைரோபியில ஒன்றியத்தோட பெரிய மாநாடு கூடுச்சு. அங்க எடுத்த முடிவுப்படி சர் டொனால்ட் மெய்ட்லண்ட் தலைமையில ஒரு ஆணையம் அமைச்சாங்க. 1984 கடைசியில தயாரான அதோட அறிக்கைக்கு 'விடுபட்ட இணைப்பு'ங்கற அர்த்தத்துல பேர் வெச்சாங்க. அதுல ஒரு வரி உலகம் முழுக்கப் பரவுச்சு: மொத்த ஆப்பிரிக்கக் கண்டத்துல இருக்கறதை விட டோக்கியோ நகரத்துல மட்டும் போன் அதிகம். எல்லாரும் இதைத்தான் மேற்கோள் காட்டுவாங்க. என்னைக் கேட்டா அந்த அறிக்கையில முக்கியமானது அது வெச்ச இலக்கு. அடுத்த நூற்றாண்டோட தொடக்கத்துல உலகத்துல எல்லாரும் சுலபமா போய்ச் சேர்ற தூரத்துல ஒரு போன் இருக்கணும்னு சொன்னாங்க. 'உன்கிட்ட போன் இருக்கா'ங்கற கேள்வி 'நடந்து போனா போன் கிடைக்குமா'ன்னு மாறிடுச்சு.

அதே 1984ல தான் இந்தியாவுல சாம் பிட்ரோடா முன்னால நின்னு சி-டாட் ஆரம்பிச்சாங்க. 36 மாசம், 36 கோடி ரூபாய்னு கெடு. அங்க உருவான கிராமத்துத் தானியங்கி எக்ஸ்சேஞ்ச்ல 128 லைன். ஏசி ரூம் தேவையில்லை, தூசியும் வெயிலும் தாங்கும். 1986ல கர்நாடகாவோட கித்தூர்ல முதல்ல வெச்சாங்க. கூடவே மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்துகள் ஊர் ஊரா வந்துச்சு.

நம்ம சூலூர், சோமனூர், கருமத்தம்பட்டி பக்கம் விசைத்தறி ஓட்டினவங்ககிட்ட அந்தக் காலத்தைப் பத்திக் கேட்டுப் பாருங்க. எங்க சொந்தக்காரங்க சொல்றது இது. நூல் விலை என்ன, காடா துணி என்ன ரேட்டுக்குப் போகுது, லோடு கிளம்பிடுச்சா, எல்லாம் பூத்துல நின்னு பேசினதுதான். ராத்திரி நேரமாக ஆகக் கட்டணம் குறையும், அதனால அப்போதான் கூட்டம். மீட்டர்ல சிவப்பு எண் ஓடறதையே பார்த்துக்கிட்டு, பாதி வார்த்தையில பேச்சை முடிப்பாங்களாம். பக்கத்து ஊர்ல இருந்து வர்ற போனுக்கு பூத்துக்காரர் ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வர்றதும் நடந்திருக்கு. ஒரு லைனை நம்பி ஒரு தெருவோட வியாபாரம் ஓடுது. டெலிடென்சிட்டி கணக்குல அது எத்தனைங்க? ஒண்ணு. நாள் பூரா மூடிக் கிடக்கற ஒரு பங்களாவுல இருக்கற போனும் ஒண்ணு.

1994 தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை இன்னொரு அளவுகோலைக் கொண்டு வந்துச்சு: 1997க்குள்ள எல்லா கிராமத்துக்கும் போன் வசதி. கேக்க நல்லா இருக்கு. கிராமப் பொது போன் வெச்சா அந்தக் கிராமம் 'இணைக்கப்பட்டது'. கம்பி இழுக்க முடியாத இடத்துல மார்ங்கற ரேடியோ முறையில நிறைய வெச்சாங்க. அந்தக் கருவிகள் அடிக்கடி படுத்துருச்சு. என்னை மாதிரி டேட்டாபேஸ்ல வேலை செய்யறவங்களுக்கு இது உடனே புரியும். 'நிறுவியாச்சு'ன்னு ஒரு காலம் இருக்கு, 'வேலை செய்யுது'ங்கறதுக்குக் காலமே இல்லை. கடைசியில, 2002ல உருவான அனைவருக்கும் சேவைக்கான நிதியில இருந்து இப்படிப்பட்ட 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போன்களை மாத்த வேண்டி வந்துச்சு. அத்தனை கிராமமும் இணைச்ச கிராமம்னு ஏற்கெனவே கணக்குல ஏறினதுதான்.

அப்புறம் செல்போன். 1999 கொள்கை, 2010க்குள்ள டெலிடென்சிட்டி 15 ஆகணும், கிராமத்துல 4 ஆகணும்னு வெச்சுச்சு. 2010 மார்ச்ல வந்து நின்னது 52.74. கிராமத்துல மட்டுமே 20ஐத் தாண்டிடுச்சு. இலக்கு வெச்சவங்களைக் குறை சொல்ல முடியாது. லைன் இழுக்கற கணக்குல யோசிச்சாங்க, சிம் வந்து அந்தக் கணக்கையே மாத்திடுச்சு.

2003ல இன்கமிங் இலவசமாச்சு. அதுக்கப்புறம் மிஸ்டு கால் ஒரு மொழியாவே ஆயிடுச்சு. ஒண்ணு கொடுத்தா கிளம்பிட்டேன், ரெண்டு கொடுத்தா வந்து கூட்டிட்டுப் போ. இது நம்ம கண்டுபிடிப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். ருவாண்டாவுல இதையே 'பீப்' பண்றதுன்னு சொல்வாங்க, யார் யாருக்கு பீப் பண்ணலாம்னு எழுதாத விதியெல்லாம் உண்டுன்னு ஆராய்ச்சியே நடந்திருக்கு. ஒரு நிமிஷம் கூட ஓடல, ஒரு பைசா கூட வரல, அதனால எந்த அறிக்கையிலயும் இது ஒரு பயன்பாடா ஏறல.

எண் ஊதினதும் சீக்கிரமே தெரிஞ்சுடுச்சு. 2012 ஜூன்ல செல் இணைப்பு 93 கோடிக்கு மேல. அதே டிசம்பர்ல 86 கோடி சொச்சம். ஆறு மாசத்துல ஏழு கோடி பேர் போனைத் தூக்கி எறியல. கம்பெனிகள் ஓடாத சிம்மைக் கணக்குல இருந்து எடுத்தாங்க. எந்த சிம் உண்மையில டவரோட தொடர்புல இருக்குங்கற கணக்கு இப்போ டிராய் அறிக்கையில தனியா வருது. ஆனா தலைப்புச் செய்தியில பழைய எண்தான் வரும்.

கம்பெனி கொடுக்கற எண்ணை நம்பாம நேரா வீட்டுக்குப் போய்க் கேட்டவங்களும் இருக்காங்க. தென்னாப்பிரிக்காவுல இருந்து செயல்படற ரிசர்ச் ஐசிடி ஆப்பிரிக்கா பல நாடுகள்ல வீடு வீடா சர்வே எடுத்துச்சு. நமக்குப் பக்கத்துல, ரோகன் சமரஜீவ 2004ல கொழும்புல தொடங்கின லேர்ன்ஏசியா, ஏழை மக்கள்கிட்ட 'போன் வெச்சிருக்கீங்களா'ன்னு மட்டும் கேக்காம 'கடைசி மூணு மாசத்துல போன் பேசினீங்களா'ன்னும் கேட்டாங்க. சொந்தமா போன் இல்லாத எத்தனையோ பேர் ஆமான்னு சொன்னாங்க. பூத்துல நின்ன நம்ம ஆளுக, ஒரு வழியா ஒரு அட்டவணைக்குள்ள வந்தாங்க.

அதே நேரத்துல ஒன்றியம் எதிர்த்திசையில போச்சு. 2009ல இருந்து நாடுகளையெல்லாம் ஒரே மதிப்பெண்ல அடுக்கற குறியீடு. 11 அளவுகள், வசதிக்கு 40 சதவீதம், பயன்பாட்டுக்கு 40, திறனுக்கு 20. 2017ல 176 நாடுகள்ல இந்தியா 134. மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, கானா எல்லாம் நமக்கு மேல. நம்ம பத்திரிகைகள்ல அந்த 134தான் செய்தியாச்சு. உள்ள போய்ப் பார்த்தா, 'திறன்'னு அளந்தது பள்ளிப் படிப்பு வருஷமும் சேர்க்கை விகிதமும். போன்ல யாருக்கு என்ன செய்யத் தெரியும்னு யாரும் கேக்கல. வீட்டுல கம்ப்யூட்டர் இருக்காங்கறதும் ஒரு அளவு. போன்லயே எல்லாம் செய்யற நாட்டுக்கு அதுல மார்க் குறையும். அளவுகளை மாத்தறதுல நாடுகளுக்குள்ள உடன்பாடு வராம, 2017க்கு அப்புறம் சில வருஷம் அந்தக் குறியீடு வரவே இல்லை.

இதெல்லாம் வெறும் புள்ளிவிவரச் சண்டைன்னு நெனச்சா 2020ஐ யோசிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டோட டெலிடென்சிட்டி அப்பவே நூறைத் தாண்டியாச்சு. பள்ளிக்கூடத்தை மூடினப்போ, அந்த எண்ணை நம்பினா எல்லாப் பிள்ளைகளும் ஆன்லைன்ல படிச்சிருக்கணும். ஆனா 2017-18 தேசிய மாதிரி ஆய்வு, இந்தியக் கிராமங்கள்ல 14.9 சதவீத வீட்டுலதான் இன்டர்நெட் வசதின்னு ஏற்கெனவே சொல்லியிருந்துச்சு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் கல்வித் தொலைக்காட்சியில போச்சு. டிவி பெரும்பாலான வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சு எடுத்த முடிவு அது, என் பார்வையில சரியான முடிவு.

2025 தொடக்கத்துல எடுத்த தேசிய ஆய்வுல 86.3 சதவீத வீட்டுல இன்டர்நெட். பெரிய மாற்றம்தான். ஆனா வீட்டுல ஒரு போன் இருந்தா அது யார் கையில இருக்குங்க? 2019-21 குடும்பநல ஆய்வுல பெண்கள்கிட்ட 'நீங்களே பயன்படுத்தற போன் இருக்கா'ன்னு கேட்டாங்க. நாடு முழுக்க ஆமான்னு சொன்னது 54 சதவீதம். இன்டர்நெட்டை ஒரு தடவையாவது பயன்படுத்தின பெண்கள் 33, ஆண்கள் 57. 'நீங்களே'ங்கற அந்த ஒரு வார்த்தை இல்லாம இருந்திருந்தா, புருஷன் சட்டைப் பையில இருக்கற போனும் இவங்க கணக்குல ஏறியிருக்கும்.

இந்த எபிசோடுக்கு ஒரு பின்னிணைப்பு செய்யணும்னு ஆசை. சூலூர், பல்லடம், சோமனூர் பக்கம் எஸ்.டி.டி. பூத் நடத்தினவங்க யாராச்சும் கேட்டுக்கிட்டு இருந்தா, பழைய பில் கட்டோ, கால் எழுதி வெச்ச நோட்டோ பரண்ல கிடக்குதான்னு பாருங்க. ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்த ஊருக்கு, எத்தனை நிமிஷம்னு அதுல இருக்கும். கிடைச்சா சொல்லுங்க, நானே வந்து பார்த்துக்கறேன்.