வன்னியில் ஆயுட்காப்புறுதி: சட்டமும் மரணச் சான்றும்

இலங்கையின் ஆயுட்காப்புறுதிச் சட்டத்துக்கு ஆங்கிலச் சட்டமே வேர். 1852இன் குடியியல் சட்டக் கட்டளையும் 1866இல் அதனோடு சேர்ந்த ஏற்பாடுகளும், ஆயுள், தீக் காப்புறுதி பற்றிய வழக்குகளை இங்கிலாந்துச் சட்டப்படி தீர்க்கவேண்டும் என்றன. அந்தச் சட்டம் காப்புறுதி எடுப்பவர் மீது கடும் பொறுப்பைச் சுமத்தியது. நோயையோ வயதையோ மறைத்து எடுத்த காப்புறுதி, ஆள் இறந்த பிறகும் செல்லாமற் போகலாம். நிறுவனம் கெட்டுப்போனால் மக்களின் பணத்துக்கு யார் பொறுப்பு என்பதில் சட்டம் அவ்வளவு அக்கறை காட்டவில்லை. குளத்து நீரை நம்பிய நெற்செய்கையும் கரையோர மீன்பிடியுமாக இருந்த வன்னியில், மாதச் சம்பளம் பெற்ற சிறு தொகையினருக்கே ஆயுட்காப்புறுதி எட்டியது. அறுவடைக்கு அறுவடை கையில் காசு வருபவரால் மாதந்தோறும் தவணை கட்டுவது எளிதல்ல.

1956இல் இந்தியா ஆயுட்காப்புறுதியை நாட்டுடைமையாக்கியது. இலங்கையும் 1961ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்தை அமைத்தது; 1962 சனவரி முதல் புதிய ஆயுட்காப்புறுதி அதன் தனியுரிமையானது. அதே 1962இல் காப்புறுதிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தது. நிறுவனம் அரசினுடையது என்பதே அன்று மக்களுக்கு இருந்த முதற் பாதுகாப்பு. 1986இன் திருத்தச் சட்டம் தனியாருக்குக் கதவைத் திறந்தபின் அந்த உத்தரவாதம் மட்டும் போதாது என்றானது. அதற்கான முழுமையான ஏற்பாடு வர மேலும் 14 ஆண்டுகள் பிடித்தன. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் 2001 மார்ச்சில் இலங்கைக் காப்புறுதிச் சபை உருவானது. நிறுவனங்களைப் பதிவு செய்வது, அவற்றின் கடன்தீர்க்கும் வலுவைக் கண்காணிப்பது, முகவர்களை ஒழுங்குபடுத்துவது, காப்புறுதிதாரர் பாதுகாப்பு நிதியம் ஒன்றைப் பேணுவது ஆகியவை அச்சட்டத்தின் வழியே வந்தன.

வன்னியின் பெரும்பான்மையோருக்கு நெருக்கமானவை வேறு திட்டங்கள். விவசாயிகள் ஓய்வூதிய, சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1987இலும், கடற்றொழிலாளருக்கான ஓய்வூதியச் சட்டம் 1990இலும் நிறைவேறின. விவசாயிகளின் திட்டத்தில் நிதி தீர்ந்து, 2012இல் ஓய்வூதியம் கொடுப்பது நின்று, 2014இலேயே மீண்டும் தொடங்கியது. பணத்துக்கு யார் பொறுப்பு என்று தனியார் நிறுவனத்திடம் கேட்கக்கூடிய கேள்வி அரசின் திட்டத்துக்கும் பொருந்தும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

போர் எல்லா ஏற்பாடுகளையும் சோதித்தது. கலவரத்திலும் பயங்கரவாதத்திலும் அழியும் சொத்துக்கு ஈடு கொடுக்க 1980களின் பிற்பகுதியில் அரசு தனி நிதியம் அமைத்தது. கடைக்கும் வாகனத்துக்கும் அந்த வழி இருந்தது. உயிருக்கு அப்படியொரு காப்பீட்டு நிதியம் இல்லை. போரில் இறந்த பொதுமக்களின் குடும்பத்துக்குப் புனர்வாழ்வு அதிகாரசபை கொடுத்தது இழப்பீடு. ஒப்பந்தப்படி கேட்டுப் பெறும் உரிமைப் பணம் அன்று. விபத்து மரணத்துக்கான மேலதிகக் காப்பிலோ, போரால் வந்த சாவு பொதுவாக விலக்கப்பட்டிருக்கும்.

2002 ஏப்ரலில் வன்னியூடாகச் செல்லும் ஏ-9 வீதி திறந்தபோது காப்புறுதிச் சபைக்கு வயது ஒன்றுதான். 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடியது. தவணை தவறினால் பொதுவாக 30 நாள் சலுகை உண்டு; அதற்குப் பின் காப்பு காலாவதியாகத் தொடங்கும். ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு வடக்கே அகப்பட்டவருக்கு 30 நாள் எம்மட்டு? 2009 சனவரியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் இராணுவத்தின் கைக்கு வந்தன. மே மாதத்துக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களை அடைந்திருந்தனர். பலரிடம் அடையாள அட்டைகூட இல்லை. காப்புறுதிப் பத்திரம் எங்கே இருக்கும்?

இறந்ததைக் காட்டாமல் ஆயுட்காப்புறுதிப் பணம் கிடையாது. வன்னியில் குடும்பங்கள் இடறி நின்ற இடம் இதுவே. 1895இன் சான்றுக் கட்டளைச் சட்டம், அதன் மூல வடிவில், ஏழு ஆண்டு செய்தி இல்லாதவரையே இறந்தவராகக் கொள்ள இடம் வைத்தது. முல்லைத்தீவுக் கரையை 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டபின், சுனாமியில் காணாமற் போனோருக்காக 2005இல் தற்காலிகச் சட்டம் பிறந்தது. போரில் காணாமற் போனோருக்கு 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஓர் ஆண்டுக்கு மேல் செய்தி இல்லையெனில் நெருங்கிய உறவினர் சத்தியக் கடதாசியுடன் மரணப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆள் உயிரோடு வந்தால் அப்பதிவை நீக்கவும் வழி இருந்தது. ஆனால் போரின் முடிவில் பிள்ளையைக் கையில் பிடித்து இராணுவத்திடம் ஒப்படைத்த தாயிடம், அவன் இறந்தான் என்று எழுதிக் கையொப்பமிடச் சொல்வது அது. பலர் மறுத்தனர். அந்த மறுப்பு நியாயமானது.

இதற்கிடையே கொழும்பில் சட்டம் முன்னேறிக்கொண்டிருந்தது. முறைப்பாடுகளைக் கேட்க 2005 முதல் காப்புறுதி ஓம்புட்ஸ்மன் இருந்தார். 2011இன் திருத்தம் ஆயுட் காப்பையும் பொதுக் காப்பையும் தனித்தனி நிறுவனங்களாகப் பிரிக்கச் சொன்னது. வாகன இழப்பீட்டின் சுமை ஆயுட்காப்புறுதிதாரர் பணத்தின் மீது விழாதிருக்க அது உதவியது. 2017இல் சபை, காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு எனப் பெயர் மாறியது. ஆயுட்காப்புறுதி எடுத்தவர் மனம் மாறினால் 21 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுக்கலாம்.

மரணச் சான்றிதழை ஏற்க முடியாதவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் காணக்கிடைக்காமைச் சான்றிதழை ஏற்படுத்தியது. காணாமற் போனவரின் சொத்தைப் பராமரிக்கவும் அரச உதவி கேட்கவும் அது பயன்படும். ஆயினும் அது மரணத்தை உறுதிப்படுத்தும் ஆவணம் அன்று; ஆயுட்காப்புறுதி ஒப்பந்தம் கேட்பதோ மரணத்தை. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சிக் கந்தசாமி கோயில் முன்றலில் காணாமற் போனோரின் உறவினர் தொடங்கிய போராட்டம் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் பரவியது. அவர்கள் கேட்டது சான்றிதழையோ இழப்பீட்டையோ அல்ல, ஒப்படைக்கப்பட்டவர்களுக்கு என்ன நடந்தது என்ற பதிலை.