எழுதத் தெரியாத எழுத்தாளர்

ஆசிரியப் பயிற்சிக் காலத்தில் தமிழ்ப் புதின வரலாற்றை ஒரு பட்டியலாகவே மனனம் செய்தேன். 1879இல் பிரதாப முதலியார் சரித்திரம். அடுத்துக் கமலாம்பாள் சரித்திரம். பின்னர்ப் பத்மாவதி சரித்திரம். அதன்பின் ஒரே தாவலாகக் கல்கி. அந்தத் தாவலின் இடைவெளியில் 115 புதினங்கள் எழுதிய பெண்மணி ஒருவர் மறைந்து கிடந்தார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அவரே வை.மு. கோதைநாயகி அம்மையார்.

1901இல் சென்னையில் பிறந்த அம்மையாருக்கு ஐந்தரை வயதிலேயே மணம் முடிந்தது. பள்ளிப்படி ஏறியவரல்லர். கணவர் பார்த்தசாரதி அழைத்துச் சென்று காட்டிய நாடகங்களும், வீட்டில் கேட்ட பாசுரங்களுமே அவர் பெற்ற கல்வி. பிள்ளைகளைச் சுற்றி அமர்த்திக் கதை சொல்வதில் வல்லவர். தம் மனத்தில் ஒரு நாடகம் உருவானபோது அதனைத் தாளில் இறக்கும் பயிற்சி அவருக்கு இல்லை. தோழி பட்டம்மாளை அருகிருத்தி, தாம் சொல்லச் சொல்ல எழுதச் செய்தார். அவ்வாறு பிறந்த 'இந்திர மோகனா' 1924இல் நூலாக வெளிவந்தது. எழுத்துப் பயிற்சி அவருக்குப் பின்னரே கைவந்தது.

இவ்விடத்தில் என் நெஞ்சு என்னைச் சுடுகின்றது. வாயால் இனிது கதை சொல்லிவிட்டுத் தாளை நீட்டியதும் விழிக்கும் மாணாக்கரை எத்தனை முறை கடிந்திருக்கிறேன்! பட்டம்மாளைப் போல் ஒருமுறையேனும் அருகமர்ந்து எழுதித் தந்தேனா?

1925இல், நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை அம்மையார் ஏற்று, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தினார். 'வைதேகி' முதலிய புதினங்கள் அதிலேயே தொடர்களாக வந்தன. காந்தியடிகளின் வழியில் கதருடுத்தி, மேடையேறிப் பேசியும் பாடியும், மறியல் செய்து சிறையும் புகுந்தார்.

அவர் புதினங்களில் அறிவுரை மிகுதி, கதைகள் நீளமானவை, திருப்பங்களும் சில இடங்களில் நம்பத்தக்கனவல்ல. இதனை மறைப்பதற்கில்லை. ஆயினும் அக்குறைகள் அக்காலத்து ஆடவர் புதினங்களிலும் இல்லாமலில்லை. அவர்தம் பெயர்கள் பட்டியலில் நிற்கின்றன. அடுக்களை வேலை முடித்துப் படிக்க அமர்ந்த பெண்களுக்காக எழுதியவரைத் திறனாய்வாளர் பொருட்படுத்தவில்லை என்பதே என் கணிப்பு.

1960இல் அம்மையார் மறைந்தார். ஆறாண்டுகள் கழித்து அவருடைய 'தயாநிதி', பத்மினி நடிக்கச் 'சித்தி' என்னும் திரைப்படமாயிற்று. அப்படத்தைத் தொலைக்காட்சியில் நான் பன்முறை கண்டிருக்கிறேன். கதை யாருடையது என்று கேட்கத் தோன்றியதில்லை.