தரவுத்தளக் கோப்புத் தெரிவு (தொழிற்கட்டுப்பாட்டு ஆவணங்கள்)

இயந்திரங்களின் மின்கட்டுப்பாட்டு வரைபடங்களைக் கணினியில் தொகுக்கத் தொடங்கும்போது, அத்திட்டம் எந்தப் பாகப் பட்டியலைப் பின்பற்றும் என்று முடிவு செய்யும் வேலை இது. ஆட்டோகேட் எலெக்ட்ரிக்கல் மென்பொருளில் முக்கியமான தரவுத்தளக் கோப்புகள் மூன்று: உற்பத்தியாளர்வாரிப் பாகப் பட்டியல், கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் பாகங்களை அடுக்குவதற்கான வடிவப் பட்டியல், பி.எல்.சி. (நிரல்படுத்தக்கூடிய தருக்கக் கட்டுப்படுத்தி) தொகுதிகளின் விவரம். திட்டத்தின் பெயர் தாங்கிய பாகப் பட்டியல் அதன் கோப்புறையில் இருந்தால் மென்பொருள் அதையே முதலில் எடுக்கும்; இல்லையென்றால் பொதுப் பட்டியலுக்குப் போகும். ஒரு கணினியில் தெரியும் பாகம் பக்கத்து மேசையில் காணாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்த வரிசைதான் காரணம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் போன்ற இடங்களில் இத்தெரிவு வெறும் சம்பிரதாயமல்ல. 1972இல் அங்கே தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியபின் அமெரிக்காவின் இன்டெல், ஜப்பானின் ஹிட்டாச்சி, ஜெர்மனியின் போஷ் எனப் பல நாட்டு நிறுவனங்கள் வந்தன; நாட்டுக்கு நாடு பாகங்களின் மின் அளவுகள் வேறுபடலாம். மலேசிய மின்சாரமோ 50 ஹெர்ட்ஸ். 2008 முதல் பெயரளவு மின்னழுத்தம் 230/400 வோல்ட். அமெரிக்கப் பட்டியலை அப்படியே வைத்துக்கொண்டால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் சுருள் கொண்ட கான்டாக்டர் (மின்காந்தச் சுவிட்ச்) கொள்முதல் பட்டியல்வரை சத்தமில்லாமல் போய்விடும். பிற்பாடு தரவுத்தளத்தை மாற்றுவதும் முழுத் தீர்வாகாது: ஏற்கெனவே வரைந்த பாகங்களின் பட்டியல் எண்கள் வரைபடத்திலேயே பதிந்திருக்கும்; அவற்றைத் தனியே திருத்த வேண்டும்.