நிறமும் குலமும்: இலங்கைக் காட்டுக்கோழி பற்றிய ஓர் ஆய்வு

அப்புத்தளையை அடுத்த ஹோட்டன் சமவெளிக் காடுகளில் வாழும் காட்டுச்சேவல் செம்மஞ்சள் மேனியும் கருநீலச் சிறகும் உடையது. தோட்ட லயங்களின் முற்றத்தில் மேயும் நாட்டுச்சேவல்களுள்ளும் இத்தகைய நிறத்தன உள. நிறம் ஒத்தமையால் குலமும் ஒன்றெனக் கொள்ளலாமா? அறிவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்த வினா இது.

1831ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லெசொன் இப்பறவைக்கு லபாயெற் பிரபுவின் பெயரைச் சூட்டினார். இலங்கை விலங்குகளை ஆராய்ந்த லேயாட், கெலாட் ஆகியோர் அதன் குரல் மட்டும் வேறுபடாதிருந்தால் அதனை வீட்டுக்கோழியின் மூதாதையருள் ஒன்றெனக் கருதியிருப்பர். 1868இல் வெளியான தமது நூலில் டார்வின் இதனைக் குறித்ததோடு, வீட்டுக்கோழியுடன் அது கலந்து பிறந்த இரு குஞ்சுகள் வளர்ந்தபின் மலடாயிருந்தமையையும் எடுத்துக்காட்டினார். ஆகவே சிவப்புக் காட்டுக்கோழியே மூதாதை என்பது அவர் துணிபு.

அத்துணிபுக்கு அவர் நிறத்தையும் சான்றாக்கினார். கருஞ்சேவலையும் வெண்ணிறப் பட்டுக்கோழியையும் அவர் இணைத்தபோது, பிறந்த சேவல்களிற் சில வளர வளரக் காட்டுக்கோழியின் செந்நிறம் பெற்றன. இதனை முன்னோர் நிலைக்கு மீளுதல் என்றார் அவர். ஆயின் மறைந்த நிறம் எங்ஙனம் மீண்டது என்பதை அவரால் விளக்க இயலவில்லை.

விளக்கத்திற்கான விதிகளை மென்டல் 1866இலேயே பட்டாணிச் செடிகளைக் கொண்டு வெளியிட்டிருந்தார். அவை கோழிகளுக்கும் பொருந்துமென 1902இல் பேற்சன் காட்டினார். பட்டுக்கோழியின் வெண்மை நிறப்பொருள் உண்டாகாமையின் விளைவு. அது பின்னிடைவான இயல்பு. நிறக்கோலத்தை வகுக்கும் பரம்பரை அலகுகள் அவ்வெண்மையின் கீழ் மறைந்து கிடக்கும். மறு பெற்றோரிடமிருந்து நிறப்பொருளை ஆக்கும் அலகு வந்து சேரவே, மறைந்தவை வெளிப்படுகின்றன. எனவே வெண்ணிறப் பறவை நிறக்கோலம் அற்றதன்று. அதனைக் காட்டாதது மட்டுமே.

இற்றைநாள் ஆய்வுகள் இவ்வரலாற்றை மேலும் விரித்துள்ளன. வீட்டுக்கோழியின் மஞ்சள் தோலுக்குரிய அலகு தென்னிந்தியச் சாம்பற் காட்டுக்கோழியினின்று வந்ததென 2008இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. 2020இல் வெளியான மரபணு ஆய்வொன்று இலங்கைக் காட்டுக்கோழியின் கூறும் வீட்டுக்கோழிகளிற் சிறிதளவு கலந்துள்ளமையைச் சுட்டியது. சிவப்புக் காட்டுக்கோழியே முதன்மை மூதாதை என்னும் டார்வினின் முடிபு நிலைத்தது. ஆனால் இரு மலட்டுக் கலப்பினங்கள் அடைத்ததாகத் தோன்றிய வாயில் முற்றாக மூடியிருக்கவில்லை.

இறகின் நிறம் குலத்தை உரைக்கும் சான்றன்று எனத் தள்ளுதலும் தவறு. கண்டவுடன் நம்புதலும் தவறு. அது எவ்வாறு கடத்தப்படுகின்றது என்பதை அறிந்தவர்க்கே அது சான்றாகும்.