துடைப்பம் தின்ற நேரம்

இங்கிலாந்தில் 1947-ல் கட்டாயப் பள்ளி வயது 15 ஆனது. தொழில்முறை ஆட்டக்காரனாக ஒப்பந்தம் போடவோ 17 வயது நிரம்ப வேண்டும். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளைக் கால்பந்து கிளப்புகள் நிரப்பிய விதத்தைப் பார்த்தால், அங்கே படிப்பும் பந்தும் ஏன் பிரிந்து போயின என்பது விளங்கும். திறமையான பையனை இன்னொரு கிளப் கொத்திக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காக, பள்ளியை விட்டதும் அவனை மைதானப் பணியாளாக வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். மூத்த ஆட்டக்காரர்களின் பூட்ஸில் அப்பிய சேற்றைச் சுரண்டி மெருகேற்றுவது, ஆட்டம் முடிந்தபின் பார்வையாளர் படிகளைப் பெருக்குவது, உடைமாற்றும் அறையைக் கழுவுவது எல்லாம் அவன் வேலை. பயிற்சி அவற்றுக்கு நடுவே நடந்தது. 1960-ல் தொழில் பழகுநர் முறை வந்த பிறகும் துடைப்பம் கையை விட்டுப் போகவில்லை. பந்து ஆடுகிறவனுக்குப் படிக்க நேரம் ஏது என்ற பேச்சு அந்தக் காலத்திலிருந்தே உண்டு. உண்மையில் நேரம் இருந்தது. அது கிளப்பின் கூலி மிச்சத்துக்குப் போயிற்று.

படிப்பின் பொறுப்பைக் கிளப் ஏற்காதபோது அது வீட்டின் தலையில் விழுந்தது. 1953-ல் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்த பாபி சார்ல்டன் முதலில் மின்பொறியியல் தொழில் பழகப் போனார். கால்பந்தை மட்டும் நம்பி மகனை அனுப்ப அவருடைய தாய்க்கு மனம் வரவில்லை. ஸ்டீவ் காப்பல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துக்கொண்டே ட்ரான்மியர் ரோவர்ஸுக்கு ஆடினார், 1975-ல் யுனைடெட்டுக்குப் போனார். முழங்கால் காயம் 1983-ல், 28 வயதிலேயே, அவருடைய ஆட்டத்தை முடித்துவைத்தது. இப்படிப்பட்டவர்கள் அபூர்வம் என்பது உண்மைதான். ஆனால் திறமையில் மட்டுமல்ல, பொறுப்பெடுத்துக்கொள்ள ஆள் இருந்ததிலும் அவர்கள் அபூர்வம்.

1983-ல் அரசின் இளைஞர் பயிற்சித் திட்டம் வந்தபோது கிளப்புகளும் அதில் சேர்ந்தன. அரசுப் பணம் வேண்டுமென்றால் மைதானத்துக்கு வெளியேயும் பையனுக்குக் கல்வி கிடைத்தாக வேண்டும். அதுவரை கிடைக்காத நேரம் சட்டென்று கிடைத்தது. கல்லூரிக்குப் போகும் நாளைப் பல பையன்கள் ஓய்வுநாளாகவே பார்த்தார்கள் என்பார்கள். மறுக்க மாட்டேன். கிளப்பே இரண்டாந்தரமாக நினைக்கும் பாடத்தைப் பையன் மட்டும் எப்படி மதிப்பான்? 1984-ல் லில்லெஷாலில் தொடங்கிய தேசியக் கால்பந்துப் பள்ளி வேறு வழியில் போனது. நாடெங்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட, 14 வயதை ஒட்டிய பையன்கள் அங்கேயே தங்கிப் பயிற்சி பெற்றார்கள். பகலில் ஷிஃப்னல் ஊரின் சாதாரண அரசுப் பள்ளியில் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தார்கள். அங்கே படித்த மைக்கேல் ஓவன் பொதுத்தேர்வில் தேறியவர். 1998 உலகக் கோப்பையில் 18 வயதில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கோல் அடித்தவரும் அவரே. பாடம் அவர் காலின் வேகத்தைக் குறைக்கவில்லை.

நட்சத்திர ஆட்டக்காரர் வெய்ன் ரூனிக்கு எந்தப் படிப்புச் சான்றிதழ் தேவைப்பட்டது என்று கேட்கலாம். ரூனிக்கு விதி வகுக்க வேண்டியதில்லை. அவர் எப்படியும் ஆடியிருப்பார். அவரைப் போலவே சிறுவயதில் கிளப்பில் சேர்ந்து, 18 வயதில் ஒப்பந்தம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவனுக்குத்தான் விதி வேண்டும். அப்படி அனுப்பப்படுகிறவர்களே அதிகம். லில்லெஷால் 1999-ல் மூடப்பட்டது. அதன் வேலை கிளப்புகளின் அகாடமிகளுக்குப் போனது. இன்று இங்கிலாந்தில் கல்வி ஏற்பாடு இல்லாமல் அகாடமி நடத்த முடியாது. எந்த ஊரானாலும், மகனுக்காகக் கையெழுத்துப் போடும் பெற்றோர் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: படிப்பு எந்த நாளில், எந்த இடத்தில், யார் பொறுப்பில்? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.