ஸ்ரீபெரும்புதூரும் தமிழ் அறிவியல் சிறுகதையும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் இன்று எல்லோருக்கும் ஞாபகம் வருவது கார், செல்போன், சிப்காட். ஆனால் அந்த ஊரில் இதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. அது ராமானுஜர் பிறந்த ஊர். அவருக்கு மூன்று திருமேனிகள் உண்டு என்பது வைணவ மரபு. மேல்கோட்டையில் தமர் உகந்த திருமேனி, ஸ்ரீபெரும்புதூரில் தான் உகந்த திருமேனி, ஸ்ரீரங்கத்தில் தானான திருமேனி. ஸ்ரீபெரும்புதூர் விக்ரகத்தை ராமானுஜரே தழுவித் தம் சக்தியை அதில் ஏற்றினார் என்று சொல்வார்கள்.

நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். கதை எழுத ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. செய்த உருவத்துக்குள் உயிரை ஏற்றலாம் என்ற கற்பனை நமக்கு வெளிநாட்டு இறக்குமதி அல்ல. ரோபோ என்ற சொல்தான் இறக்குமதி.

அந்தச் சொல்லின் கதையும் சுவாரசியமானது. செக் எழுத்தாளர் காரெல் சாபெக் 1920-இல் 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தை வெளியிட்டார். 1921-இல் அது மேடை ஏறியது. செக் மொழியில் 'ரோபோட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நம் சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் 'வெட்டி' மாதிரி! அந்த நாடகம் நடப்பது ஒரு தொழிற்சாலையில். ரோபோக்கள் அங்கே உற்பத்தியாகிற சரக்கு. விற்கப்பட்டு, வேலை செய்து, கடைசியில் கலகம் செய்கிறார்கள். ஆக, ரோபோ பிறந்ததே தொழிலாளியாகத்தான்.

தமிழுக்கு வந்தபோது அது என்ன ஆனது?

தமிழில் அதிசயக் கதைக்கு ஏற்கெனவே நல்ல அஸ்திவாரம் இருந்தது. புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுள் சென்னைக்கு வருகிறார். வந்து இறங்குவது மேகத்திலிருந்து அல்ல, பிராட்வே - எஸ்பிளனேடு சந்திப்பில். அவரைப் பிள்ளை காபி சாப்பிட ஹோட்டலுக்கு அழைத்துப் போகிறார், தம் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாவும் பிடிக்கப் பார்க்கிறார். அதிசயம் ஒன்றே ஒன்று. மற்றதெல்லாம் அச்சு அசல் சென்னை. புதிதாக எழுதுகிறவர்கள் பத்து ஆங்கில நாவல் படிப்பதற்கு முன் இந்த ஒரு கதையைப் படிப்பது நல்லது.

அடுத்தது சுஜாதா. அவர் இல்லாமல் இந்தப் பேச்சே கிடையாது. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர் (மூன்றாவது திருமேனி இருக்கும் அதே ஊர்). 1953-இல், பதினெட்டு வயதில், திருச்சியிலிருந்து வந்த 'சிவாஜி' பத்திரிகையில் அவருடைய முதல் கதை வெளியானது. குமுதத்தில் கதை வந்தது 1962-இல். நடுவில் ஒன்பது வருடம்! முதல் கதை அச்சானதும் புகழ் வந்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தார். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவில் அவருடைய பங்கு பெரியது. அந்த மேசையிலிருந்து பார்த்த எதிர்காலம்தான் 1980-களில் ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா'. கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். ஜீவா என்ற தலைவரின் ஆட்சி. பெயர் இரண்டு எழுத்துக்கு மேல் கூடாது, குழந்தை பெற அனுமதி வேண்டும், வயதானால் வாழ உரிமை இல்லை. அதில் ஜீனோ என்ற இயந்திர நாய், நிறையப் படிக்கும், சாமர்த்தியமாகப் பேசும். வாசகர்கள் மயங்கியது அதனிடம்தான்.

சாபெக்கின் தொழிலாளி தமிழில் செல்ல நாயாக மாறிவிட்டான். இது குறை அல்ல. சுஜாதாவுக்குத் தெரிந்த உலகம் ஆய்வுக்கூடமும் வடிவமைப்பும். பிறகு ஜெயமோகன் 'விசும்பு' தொகுப்பில் சித்த மருத்துவம், யோகம் போன்ற நம் மரபுகளை அறிவியல் கேள்விகளாக்கினார். அதுவும் புது வழி. ஆனால் யந்திரம் பொருத்தப்படுகிற ஷெட்டுக்குள் தமிழ் அறிவியல் கதை அதிகம் நுழையவில்லை.

நுழைய இடம் இல்லாமல் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் சான்ட்ரோ கார் வந்தது. 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கியது. 2010 மார்ச்சில் ஒரகடத்தில் ரெனோ - நிசான் ஆலை திறந்தார்கள். அதே வருடம் அக்டோபரில் 'எந்திரன்' படம் வந்தது. அதன் வசனத்தில் பங்களித்த சுஜாதா 2008-லேயே மறைந்துவிட்டார். திரையில் ரோபோவுக்கு ரஜினியின் முகம். கார் ஆலையில் பற்றவைக்கும் ரோபோவுக்கு முகமே கிடையாது, ஒரு கை மட்டும்தான். செல்போன் ஆலையிலோ சின்னச் சின்னத் திருகாணிகளைப் பூட்டிக்கொண்டிருந்தவை பெரும்பாலும் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்களின் கைகள்.

சுஜாதா நாவலின் காலம் நிஜத்தில் வந்தபோது, 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண் தொழிலாளர்கள் பலர் விடுதி உணவால் நோயுற்றார்கள். சிலர் இறந்துவிட்டதாக வதந்தி பரவியது. சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் பெண்கள் இரவில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரியில்தான் திறந்தது. ஐபோன் செய்கிறவர்களுக்குத் தங்கள் அறைத் தோழி உயிரோடு இருக்கிறாளா என்று தெரியவில்லை. 'ஆர்.யு.ஆர்.' மேடையேறி அப்போது சரியாக நூறு வருடம். 2024-இல் அதே பகுதியில் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் முக்கியமானது, தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம்.

இதையெல்லாம் அப்படியே எழுதினால் அது செய்தி. அறிவியல் கதைக்கு 'ஒருவேளை இப்படி ஆனால்?' என்ற ஒரு திருப்பம் வேண்டும். நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தியை நிறுத்தியது. வருடங்கள் கழித்து அதே கட்டடத்தில் சால்காம்ப் நிறுவனம் வந்து சார்ஜர் செய்ய ஆரம்பித்தது. பழைய லைனில் நின்ற ஒருத்தி திரும்ப வேலைக்கு வருகிறாள், அவள் கை அசைவைப் பார்த்துக் கற்ற இயந்திரம் அவளுக்கு முன்பே அங்கே நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது அவளிடம் என்ன கேட்கும்? 'தான் உகந்த திருமேனி' என்ற சொல்லுக்கு அங்கே என்ன அர்த்தம்? ஷிப்ட் பஸ் எத்தனை மணிக்கு, விடுதியில் ராத்திரி என்ன குழம்பு என்பதெல்லாம் தெரிந்தவர் எழுதினால்தான் அந்தக் கேள்விக்குக் கனம் வரும். புதுமைப்பித்தனுக்கு அந்த ஹோட்டல் காபி தெரிந்திருந்த மாதிரி.

வெளியிட இடமும் முன்பைவிட அதிகம். 2018-இல் தொடங்கிய 'அரூ' இதழ் கனவுருப் புனைவுக்கும் அறிவியல் புனைவுக்கும் முக்கிய இடம் கொடுத்தது, 2019-இல் அறிவியல் சிறுகதைப் போட்டியும் வைத்தது. ஆண்டுக்கணக்கில் வாரப் பத்திரிகையின் தபாலுக்குக் காத்திருந்த காலம் போய்விட்டது. ஒரகடத்தில் இரண்டாம் ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் திரும்புகிறவர் கையிலும் ஒரு செல்போன் இருக்கிறது. அதில் தமிழ் எழுத வரும்.